பத்தொன்பதாம் தேதி இரவு

2010 ஏப்ரல் 20, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். ஒரகடத்தில் இலை அசையாத வெயில். நான் வருகைப் பதிவு எழுதிக்கொண்டிருந்த டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே, பரிசோதனை மேசையில் வேலை பார்க்கும் பெண் ஹால் டிக்கெட்டும் கையுமாக வந்து நின்றாள். தண்டலம் பக்கத்தில் பரீட்சை எழுதிவிட்டு, இரண்டு பஸ் மாறி நேரே என்னிடம் வந்திருந்தாள்.

“சார், பயமே வரலை சார்! அஞ்சாவது கணக்கு தப்பாப் போச்சு. அடிச்சிட்டு மறுபடி போட்டேன். கை நடுங்கவே இல்ல, பாத்துக்கிடுங்க.”

“நல்லதும்மா” என்றேன். அவள் பெயருக்கு நேரே ஆப்சென்ட் என்று நான் எழுதி அப்போது சரியாக ஏழு மணி நேரம் ஆகியிருந்தது.

திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். டிப்ளமோவில் கணக்கு மட்டும் அரியர். மூன்று முறை எழுதி மூன்று முறையும் தோற்றவள். பள்ளியில் ஒவ்வொரு தப்புக்கும் விரல் முட்டியில் ஸ்கேலால் ஓர் அடி விழுமாம். அதிலிருந்து கணக்குத் தாளைக் கண்டாலே உள்ளங்கை நனைந்துவிடும் என்பாள். மூன்றாம் முறை அரை மணி நேரத்தில் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்திருக்கிறாள். அரியரை முடித்தால் நிரந்தர வேலை என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். சொல்லாமல் ஒரு நாள் நின்றாலும் ஒப்பந்தம் போய்விடும் என்றும் சொல்லியிருந்தார்கள்.

அவள் பயம் போனது அந்தப் பரிசோதனை மேசையில்தான். அங்கே பழுதான உதிரிபாகம் வந்தால் யாரும் யாரையும் திட்டுவதில்லை. எங்கே பிசகியது என்று சிவப்புச் சீட்டில் எழுதி, அந்தப் பாகத்தில் கட்டித் தனியே வைப்பார்கள், அவ்வளவுதான். ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தப்பாய்ப் போட்ட ஒரு கணக்குக்கு அவள் சிவப்புச் சீட்டு குத்திக்கொண்டிருந்தாள். ‘கழித்தல் குறி விடுபட்டது’ என்று அதில் எழுதியிருந்தது.

“இன்னாம்மா, கணக்கையும் ரிஜெக்ட் பண்ணிட்டியா? உங்க வாத்தியாருக்கும் ஒண்ணு கட்டி அனுப்பு” என்றான் பின் இருக்கைக்காரன்.

“அவருக்கு ஒண்ணு பத்தாதுண்ணே!”

முதல் வாரம் முப்பத்தொரு சீட்டு. மார்ச் கடைசி வாரம் நான்கு. எண்ணிக்கை குறைந்ததைவிட, சீட்டில் இருந்த கையெழுத்து நிதானப்பட்டதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

பரீட்சைக்கு முந்தின இரவு தூங்க வேண்டும் என்று விடுப்பு கேட்டிருந்தாள். எங்கள் பதிவேட்டில் இரவு பத்தரைக்குத் தொடங்கும் ஷிப்ட், மறுநாள் காலை ஆறரை வரை தொடங்கிய தேதியிலேயே நிற்கும். அவளுக்கு வேண்டியது 19. ‘20ஆம் தேதி காலை பரீட்சை, முந்தின இரவு விடுப்பு வேண்டும்’ என்று விண்ணப்பத்தில் தெளிவாகத்தான் எழுதியிருந்தாள். கண்ணில் முதலில் பட்ட 20ஐ நான் பதிவேட்டில் ஏற்றினேன். எதையும் இரண்டு தடவை எண்ணுகிறவன், அன்று ஒரு தடவைதான் படித்தேன்.

பரீட்சையன்று காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு சூப்பர்வைசர் வந்தார். “இன்னா பெருசு, நைட்டு ஆள் இல்லாம லைன் நாறிப்போச்சு. அந்தப் பொண்ணு லீவா, டிமிக்கியா? ரெஜிஸ்டர்ல இன்னா கீது?”

“லீவு இருபதுக்குத்தான்.”

“அப்போ நேத்துக்கு ஆப்சென்ட் போடு.”

போட்டேன். அவர் போன பிறகுதான் விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தேன். பின்னாலேயே ஓடியிருக்கலாம். ஆனால் ஒரே ஒரு தப்புப் பதிவுக்காகப் போன மாதம்தான் ஒரு குமாஸ்தாவை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். எனக்கு ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். பயமே வரவில்லை என்று அவள் சொன்னபோதும் அது அங்கேதான் இருந்தது.

பத்தாம் நாள் அவளைக் கணக்கு முடித்து அனுப்பினார்கள். கையெழுத்துப் போட என் ஜன்னலுக்குத்தான் வந்தாள்.

“நாந்தான் தேதியத் தப்பா எழுதியிருப்பேன் போல, சார். எண்ணுன்னாலே எனக்கு எப்பவும் தப்புத்தானே வரும்” என்றாள். பேனா பிடித்த கை நடுங்கியது. கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை விரலால் காட்டினேன்.

கணக்கில் அவள் தேறிவிட்டதாகப் பிறகு பஸ்ஸில் யாரோ சொன்னார்கள். நான் எட்டு மாதத்தையும் முழுதாக முடித்துவிட்டு வந்தேன். மாதச் சம்பளம் ஆறாயிரத்து இருநூறு. மொத்தம் நாற்பத்தொன்பதாயிரத்து அறுநூறு ரூபாய்.