இறுதிச் சுற்றுக்கு முன் டிஃபனி போட்ட பதில்

மலேசியாவின் பாக்கார் ஆராங்கில் வசிக்கும் ஷாமளா தொழிற்சாலையில் டெக்னீஷியன். ரோபோ செய்யும் பள்ளிப் பிள்ளைகளுக்காக வாட்சப்பில் ஒரு குழு நடத்திவந்தாள். அங்கே யார் என்ன கேட்டாலும் மற்றவர்கள் சிரிக்கக் கூடாது. மாணவியாக இருந்தபோது இணையத்தில் ஒரு சந்தேகம் கேட்டுக் கேலிக்கு ஆளாகி, அவள் அழுதிருக்கிறாள்.

மாவட்டப் போட்டியைப் பார்க்க ஷாமளாவும் அரங்குக்கு வந்திருந்தாள். இறுதிச் சுற்றுக்குச் சற்று முன் குழுவில் கவினேஷ் பதறினான். மெர்போக் ஊர்ப் பையன். அவன் ரோபோ இடப்பக்கம் திரும்ப மறுத்தது. ஷாமளா யோசிப்பதற்குள் அதே குழுவில் இருந்த டிஃபனியின் பதில் வந்துவிட்டது: "வலது மோட்டார் வயர் லூசா இருக்கும். நல்லா அழுத்திச் சொருவு."

ஷாமளாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இறுதிச் சுற்றில் கவினேஷோடு மோதப்போவதே டிஃபனிதான்!

ரோபோ திரும்பியது. கவினேஷ் ஜெயித்தான்.

ஷாமளா டிஃபனியிடம் ஓடினாள். "ஏன்மா, அவன்கூடத்தான் போட்டின்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்கா. என் சென்சார் கெட்டப்ப அவன்தான சொல்லிக் குடுத்தான்? பாவம்லா, அழற மாதிரி நின்னான்."

ஷாமளா ஆறுதல் சொல்ல வார்த்தை தேடுவதற்குள், டிஃபனி கவினேஷோடு படம் எடுத்துக்கொள்ள ஓடிவிட்டாள்.