கிளட்ச்சை மிதித்த கால்

இது நடந்தது. பொழுது போகாமல் கட்டிவிட்ட கதை என்று நினைப்பவர்கள் பெரம்பலூரில் துறையூர் ரோட்டுக்குப் போய்ப் பாருங்கள். பூட்டிக் கிடக்கும் மெக்கானிக் ஷெட் ஒன்று இருக்கிறது. அதன் பின்சுவரில், முழங்கால் உயரத்தில், ஒரு பள்ளம். பூசி வெள்ளையடித்தும் தெரிகிறது. ராத்திரிக்குப் பயந்தவர்கள் சொன்னது என்றும் தள்ளிவிட முடியாது. உச்சி வெயிலில், ரோட்டில் லாரி போய்க்கொண்டிருந்தபோது நடந்தது.

ஷெட்டை நடத்தியது வரதராஜன்பேட்டைக்காரன் செபஸ்டின். பின்னால் ஒரே அறை. அதில்தான் அவனும் மனைவி நான்சியும் குடியிருந்தார்கள். இடம் ராஜராஜனுடையது. அரியலூரில் சிமென்ட் லாரி விடுகிறவர். அவரை நல்ல மனுஷன் என்று அவர் வீட்டுக்காரர்களே சொல்லிக் கேட்டதில்லை.

ஒரு நாள் அவர் ஒரு காரைக் கொண்டுவந்து இறக்கினார். பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு. இரண்டே சீட். மடக்குகிற துணிக் கூரை. மகன் தமிழழகனுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை அழைப்புக்குப் பையன் இதில்தான் வரவேண்டும் என்றார். மாப்பிள்ளை அழைப்பு எப்படிப் போகும் என்று தெரியுமே. முன்னால் நாதஸ்வரம், சீர்த்தட்டு ஏந்திய பெண்கள், குறுக்கே ஓடும் பிள்ளைகள். அவர்கள் முதுகை ஒட்டிக் கார் நடைவேகத்தில் ஊர வேண்டும். கிளட்ச் சரியில்லாத வண்டி அங்கே ஒரு துள்ளு துள்ளினால் என்ன ஆகும்?

இந்த வண்டியில் சரியில்லாததே கிளட்ச்தான். ஒரிஜினல் கிடைக்காமல் வேறு கம்பெனி செட்டை யாரோ மாட்டியிருந்தார்கள். பெடலை அடிவரை மிதித்தாலும் கியர் விழாது. கர்ர்ர்... என்று பல்லைக் கடிக்கும். மிதித்திருக்கும்போதே வண்டி மெல்ல முன்னால் ஊரும்.

“வெள்ளிக்கிழமை இது ஓடணும். ஓடலன்னா சனிக்கிழமை ஷெட்டைக் காலி பண்ணிடு” என்றார் ராஜராஜன். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொன்னதைச் செய்கிற ஆள்.

செபஸ்டின் கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தான். மாட்டியிருந்த செட்டின் உயரம் குறைவு. அதைத் தள்ளும் கம்பி போதுமான தூரம் போகவில்லை. லேத்தில் நீளமாக ஒரு கம்பி கடைந்து மாட்டினான். பாதிக் கோளாறு போனது. மீதிக்குக் காரணம் ஆயில் குழாயில் நின்ற காற்று.

வேலை நடந்த இரண்டு நாளில் சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் நடந்தன. காலையில் ஷெட்டைத் திறந்தால் கிளட்ச் பெடல் தரையோடு ஒட்டிக் கிடக்கும். ஸ்பிரிங் போய்விட்டது என்று புது ஸ்பிரிங் போட்டான். மறுநாளும் அப்படியே கிடந்தது. டிரைவர் சீட் சுடுகிறது என்றாள் நான்சி, யாரோ உட்கார்ந்து எழுந்த மாதிரி. தகரக் கூரை சுடாமல் என்ன செய்யும் என்று கிண்டல் பண்ணினான் அவன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் காற்றெடுக்கும் வேலை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அடியில் படுத்து “அமுக்கு” என்பார். மேலே இருப்பவர் பெடலை மிதித்துப் பிடிப்பார். அடியில் திருகைத் திறந்தால் காற்றும் ஆயிலும் பீய்ச்சும். திருகை மூடி “விடு” என்றால் காலை எடுக்கலாம். ரோட்டுச் சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் நான்சி குதிகாலால் தட்டுவாள். மிதித்ததும் ஒரு தட்டு. விட்டதும் இரண்டு தட்டு. கல்யாணம் ஆனதிலிருந்து அவர்களுக்கு அதுதான் பழக்கம்.

காரின் மூக்கு பின்சுவரைப் பார்த்து நின்றது. முன்பக்கத்தை மட்டும் ஸ்டாண்டில் தூக்கி வைத்திருந்தான். ஹேண்ட்பிரேக் பிடிக்காது. அதனால் முதல் கியரில் போட்டு, பின்சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்திருந்தான். முன்னால் வைக்கவில்லை. சாவியைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு அடியில் படுத்தான்.

“அமுக்கு.”

டொக்.

“விடு.”

டொக் டொக்.

வேலை நன்றாகப் போனது. நடுவில் ஒரு லாரி இரைச்சலோடு கடந்தது. நான்சி ஏதோ சொன்ன மாதிரி இருந்தது, காதில் விழவில்லை. அதற்குப் பிறகு வேலை இன்னும் நன்றாகப் போனது. பெடல் கல்லாக இருக்கிறது என்று அதுவரை முனகிக்கொண்டிருந்தவள் இப்போது ஒரே மூச்சில் அடிவரை மிதித்தாள். காற்றெல்லாம் போய்ச் சுத்த ஆயில் வந்தது.

“போதும், எறங்கு” என்றான்.

டொக். மறுபடி மிதித்தாள்.

“போதும்னேன்ல?”

இரண்டு தட்டு வரவில்லை. பெடல் மேலே வரவும் இல்லை.

அப்போது வாசல் பக்கம் இரண்டு கால்கள் தெரிந்தன. ஈரக் கால்கள். பக்கத்தில் ஒரு குடம் வந்து உட்கார்ந்தது.

“ஏங்க, இன்னும் அடியிலயா கெடக்குறீங்க? கொழாயில தண்ணி வருதுன்னு சொல்லிட்டுத்தானே போனேன்...”

நான்சியின் குரல். வாசலிலிருந்து.

செபஸ்டின் மேலே பார்த்தான். அவன் முகத்துக்கு நேர் மேலே, ஆளில்லாத சீட்டுக்குக் கீழே...

டொக்.

அடுத்த நொடி ஸ்டார்ட்டர் சுற்றியது. இன்ஜின் பிடித்துக்கொண்டது.

நான்சி ஆணியைப் பார்த்தாள். சாவி அதில்தான் தொங்கியது.

முதல் கியர். ஓடும் இன்ஜின். அந்தக் கால் மிதித்திருக்கும்வரை அவனுக்கு உயிர் உண்டு. எடுத்தால் வண்டி ஸ்டாண்டிலிருந்து பாய்ந்து அவன் மேல் விழும். அவன் அவசரமாக நகர்ந்தான். கழுத்துச் செபமாலை கிளட்ச் கம்பியில் மாட்டி இழுத்தது. இழுக்க இழுக்க இறுகியது.

அந்த நேரம் பார்த்து ராஜராஜன் வந்தார். கூடவே மகன். இன்ஜின் சத்தம் கேட்டு அவர் முகம் மலர்ந்தது. அடியில் நீட்டிக்கொண்டிருந்த செபஸ்டினின் கால்களை அவர் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். துணிக் கூரைக்குள் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்து, கூரையில் தட்டினார்.

“விடு, பாப்போம். இழுக்குதான்னு தெரியட்டும்.”

அடியில் ஆள் இருக்கிறது என்று நான்சி கதறினாள்.

“அவனுக்கு ஒதுங்கத் தெரியும். விடு.”

பெடல் அசையவில்லை.

“விடுன்னு சொல்றேன்ல?”

அசையவில்லை.

செபமாலை நூல் அறுந்தது. மணிகள் சிதறின. செபஸ்டின் புரண்டு வெளியே வந்து விழுந்தான். விலகச் சொல்லிக் கையை ஆட்டினான்.

தமிழழகன் அதைப் பார்க்கவில்லை. காரின் மூக்குக்கும் சுவருக்கும் நடுவில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

டொக்...

டொக்.

வண்டி பாய்ந்தது. பையன் கத்தக்கூட இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன ஆம்புலன்ஸ் வழியில் பாடாலூரைத் தாண்டும் முன்பே உயிர் போய்விட்டது. மாப்பிள்ளை அழைப்புக்கு மூன்று நாள் இருந்தது.

சோதித்துப் பார்த்தவர்கள் வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். கிளட்ச் வெண்ணெயாக வேலை செய்ததாம். ராஜராஜன் மகனைப் புதைத்த கையோடு ஸ்டேஷனுக்குப் போனார். பெடலில் இருந்தது நான்சி, பொம்பளை கால் வழுக்கிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார். செத்த மகனுக்குப் பக்கத்திலும் அந்த மனிதருக்குப் பொய் வந்தது. ஷெட்டுக்குப் பூட்டு. நான்சி மேல் கேஸ்.

ஜாமீனில் வந்த நான்சியைத் தேடி ஒரு பெண் வந்தாள். பெயர் கமலவேணி. குரும்பலூர்.

“எங்கம்மாவையும் இதே வார்த்தைதாங்க சொன்னாங்க” என்றாள்.

இதே சிவப்புக் காரில் அந்த வேறு கம்பெனி கிளட்ச் செட்டை மாட்டியது அவள் அப்பா கொளஞ்சியப்பன். ராஜராஜனின் லாரி ஷெட்டில், நாலு வருஷத்துக்கு முன்னால். பெடலை மிதித்தது அவள் அம்மா காத்தாயி. அப்பா அடியில் இருந்தபோதே ராஜராஜன் இன்ஜினைப் போட்டு “விடு” என்றிருக்கிறார். அம்மாவும் விட்டிருக்கிறாள். வண்டி அப்பா மேல் விழுந்துவிட்டது. பொம்பளை கால் வழுக்கியது என்று சொல்லி அன்றைக்கே கதையை முடித்துவிட்டார்கள். அன்று படுத்தவள்தான் காத்தாயி. பேச்சில்லை. இடது கால் மட்டும் கட்டையாக நீண்டு நின்றுவிட்டது. எந்த டாக்டராலும் மடக்க முடியவில்லை.

காத்தாயி செத்திருப்பாள் என்று நான்சி நினைத்தாள்.

“உசுரோடதாங்க இருக்காங்க. போன செவ்வாக்கெழம மத்தியானம் சோறு ஊட்டிக்கிட்டிருந்தேன். நாலு வருசத்துல மொதத் தடவையா வாயத் தொறந்தாங்க. ‘அவரு வெளிய வந்துட்டாரா’ன்னு கேட்டாங்க. செத்தவர எப்படிச் சொல்றது? ‘வந்துட்டாரும்மா, நீ காலை எடு’ன்னேன். காலு தன்னால மடங்கிடுச்சுங்க.”

பொய் சொன்னது தப்பா என்று அவள் நான்சியிடம் கேட்டாள்.

இல்லை என்றாள் நான்சி. வேறு எதையும் அவளிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.