வலி நின்றுபோன கால்

நாலு வருஷத்துக்கு முன்னாடி, ஆடி மாசம். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுத் தறியில் கல்யாணப் புடவை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கு முன்பிருந்தே இடுப்பில் வலி. சும்மா இடுப்பு வலி இல்லை. இடது பின்தொடை வழியாக இறங்கி, ஆடுசதை தாண்டி, சுண்டுவிரல் வரைக்கும் கம்பி இழுத்த மாதிரி போகும். தும்மினால் உயிர் போகும். தறிக்குழியில் உட்கார்ந்து நெய்கிறவனுக்கு இது இல்லாமல் இருக்குமா என்று தைலம் தேய்த்துக்கொண்டு கிடந்தேன்.

ஒருநாள் எழுந்தால் வலியே இல்லை. பாதத்தின் வெளிஓரம் மட்டும் மரத்திருந்தது. குணமாகிவிட்டது என்று தெருமுனை அம்மனுக்குத் தேங்காய் உடைத்தேன்.

அந்த வாரமே புடவையில் பிழை விழுந்தது. குழிக்குள் மிதிகட்டை முழுசாக இறங்கினால்தான் பாவு இழை பிரிந்து ஊடை நாடாவுக்கு வழி விடும். வழி விடவில்லை. கட்டைக் கயிறு தளர்ந்துபோச்சு என்று அவிழ்த்துக் கட்டினேன். திரும்பவும் பிழை. திரும்பவும் கட்டினேன்.

பக்கத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி எழுந்து வந்தாள். "இன்னாயா, கயித்த எத்தினி வாட்டி அவுப்ப? காலக் காட்டு." குழிக்குள் குனிந்து கட்டைக்கும் என் காலுக்கும் நடுவே கையை வைத்தாள்.

வலது காலால் மிதித்தேன். "அய்யய்யோ, கை போச்சு!" என்று சிரித்தாள். கையை இடது பக்கம் மாற்றினாள். பலமாக மிதித்தேன். சத்தமே இல்லை.

"மிதிய்யா."

"மிதிச்சிக்கினுதான் இருக்கேன்."

சிரிப்பு நின்றுபோச்சு. "பூனை ஏறுன மாதிரி இருக்குதுய்யா" என்றாள்.

எனக்கு வேறு தொழில் தெரியாது.

அன்றைக்கே ஆஸ்பத்திரி. டாக்டரம்மா முதலில் முதுகைப் பார்க்கவேயில்லை. ஒவ்வொரு காலாக, முன்பாதத்தில் எம்பி நிற்கச் சொன்னார். வலது எழும்பியது. இடது குதிகால் தரையை விட்டு வரவில்லை. ஊசிமுனையால் சுண்டுவிரல் ஓரம் தொட்டாராம், எனக்குத் தெரியவில்லை. சிறுநீர் போவதில் தடை உண்டா, இரண்டு தொடைக்கு நடுவே மரத்திருக்கிறதா என்று கேட்டார். இல்லை. "அப்படி வந்தா உடனே ஓடி வந்துடணும்" என்றார். அப்புறம்தான் இடுப்பின் அடியில் ஓரிடத்தில் விரல் வைத்தார். "இங்க நரம்பு வேர் நசுங்குது. வலி நின்னது குணமாகி இல்லைங்க, நரம்பு சோர்ந்துபோய்."

ஸ்கேனிலும் அதே இடம். இடுப்பில் நசுங்கினது சுண்டுவிரலில் தெரிகிறது, புடவையில் தெரிகிறது, என் வீட்டுக்காரி கைக்குத் தெரிகிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

மருந்து, பயிற்சி, மாசக்கணக்கில் ஓய்வு. கால் மெல்லத் திரும்பியது.

இப்பவும் குழியில் இறங்குமுன் தறித்தூணைப் பிடித்து இடது காலில் எம்பி நிற்பேன். குதிகால் எழும்பும்போது, சந்நிதியில் திரை விலகினால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருக்கிறது எனக்கு, தினமும்.