காந்தா யார்?

காலை ஐந்தே முக்கால் மணிக்குப் பெரியம்மா அந்த எழுத்தைப் பார்த்தாள். அன்னவாசல் போகும் முதல் பஸ் ஹாரன் அடித்த அதே நிமிஷத்தில், கக்கூஸ் பக்கமிருந்து வாளி விழுந்த சத்தமும் அவளுடைய அலறலும் சேர்ந்து கேட்டன.

கடல் தாண்டி அகதிகளாக வந்த எங்களைப் புதுக்கோட்டைக்கு வெளியே ஒரு முகாமில் வைத்திருந்தார்கள். எனக்கு ஏழு வயது. பெரியம்மா எங்களுக்கு உறவில்லை, பக்கத்து அறைக்காரி. அவளுடைய மகனை ராணுவ வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் திருப்பித் தரவில்லை. அந்த வண்டியில் எழுதியிருந்த அதே வட்ட வட்டமான எழுத்து இப்போது முகாமின் கக்கூஸ் கதவில், ‘பெண்கள்’ என்பதற்குக் கீழே, கரியால் எழுதப்பட்டிருந்தது.

எழுதியவர் என் அப்பா. அம்மாவுக்காக எழுதினார். அம்மா சிங்களத்தி.

அது முகாமில் யாருக்கும் தெரியாது. மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பெண், அதிகம் பேசமாட்டாள் என்று அப்பா சொல்லிவைத்திருந்தார். அறைக்குள் அம்மா என்னிடம் தன் மொழியில் குசுகுசுப்பாள். வாசலைத் தாண்டினால் வாயைத் திறக்கமாட்டாள். அதை ஒரு விளையாட்டு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அம்மாவுக்குத் தமிழ் அரைகுறையாகப் பேச வருமே தவிர வாசிக்க வராது. ஆண்கள், பெண்கள் என்று இரண்டு கதவிலும் எழுதியிருந்தது அவள் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிந்தது. ஒருநாள் கதவு மாறிப் போனாள். உள்ளே ஆள் இருந்தது. முகாமே சிரித்தது. அதன்பின் அவள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள்.

அப்பா ஊரில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். கவுண்டர் போர்டில் தமிழிலும் எழுதுங்கள் என்று கேட்டுக் கேட்டே மேலதிகாரிகளின் பகையைச் சம்பாதித்தவர். வாசிக்க முடியாத போர்டின் முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். நம் சனங்களுக்கு நடுவில் வந்துவிட்டோம், இனி பயமில்லை என்று நினைத்துவிட்டார்போல.

போன வாரம், என் மனைவியின் பெயரில் கட்டிய சின்ன வீட்டுக்குப் பெயர்ப்பலகை செய்யக் கொடுத்தோம். “அப்பத்தா பேரை அவங்க எழுத்துலயும் போட்டா என்னப்பா?” என்று என் மகள் கேட்டாள். நான் போட்ட சத்தத்தில் பிள்ளை பயந்துபோய் உள்ளே ஓடிவிட்டாள். இன்னும் அவளிடம் காரணம் சொல்லவில்லை.

அன்று நன்றாக விடிவதற்குள் முகாமுக்குள் உளவாளி இருக்கிறான் என்று பேச்சாகிவிட்டது. இளைஞர்கள் கம்போடு வந்தார்கள். பெண்கள் கதவில் எழுதியிருந்ததால் பெண்களை வரிசையில் நிறுத்தி வாழைப்பழம் என்று சொல்லச் சொன்னார்கள். சிங்களவர் வாயில் ழகரம் வராது என்பது அவர்களுடைய கணக்கு. வரிசையில் இருந்த அத்தனை பேரும் வாளப்பளம் என்றே சொன்னார்கள். சொல்லச் சொன்னவனும் அப்படித்தான் சொன்னான். அம்மாவும் சொல்லித் தப்பினாள்.

அதற்குப் பிறகு அறை அறையாகச் சோதிக்கக் கிளம்பினார்கள். எங்கள் பெட்டியில் அம்மாவுடைய தாய் சிங்களத்தில் எழுதிய கடிதங்கள் இருந்தன. அவர்கள் எங்கள் அறையை நெருங்கியபோது அப்பா முன்னால் போய் நின்றார்.

“நான்தான் எழுதினன். கந்தோர்ப் பழக்கம், கை தானா எழுதிப்போட்டுது.”

முதல் அடி காதில் விழுந்தது. போலீஸ் வந்து இழுத்துப் போகும்வரை அடித்தார்கள். அம்மா சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு நின்றாள். ஒரு சொட்டுச் சத்தம் வரவில்லை. எல்லார் அம்மாவும் அழுவார்களே, இவள் மட்டும் ஏன் அழவில்லை என்று எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அழுகை அவளுக்கு எந்த மொழியில் வந்திருக்கும் என்று யோசிக்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

சாயங்காலம் உள்ளூர்க் கான்ஸ்டபிள் ஒருவர் ஜீப்பில் வந்தார். ஸ்டேஷனில் யாருக்கும் அந்த எழுத்து தெரியவில்லையாம். என்ன எழுதினாய் என்று கேட்டதற்கு அப்பா ‘காந்தா’ என்றிருக்கிறார். சிங்களத்தில் அதற்குப் பெண்கள் என்று பொருள்; அவர் அப்படிச் சொல்லியும் நம்பவில்லை. இன்ஸ்பெக்டரோ காந்தா யார், அவள் எங்கே இருக்கிறாள் என்று திரும்பத் திரும்பக் கேட்டு அடித்துக்கொண்டிருக்கிறார்.

“இங்கிட்டு யாருக்காச்சும் படிக்கத் தெரியுமா? அது ஆள் பேரு இல்லைன்னு ஒருத்தர் வந்து சொன்னாப் போதும், விட்ருவாங்க. ராத்திரி தாங்கமாட்டாருங்க அந்த மனுசன்.”

கொழும்பில் கடை வைத்திருந்து அந்த எழுத்தைப் பழகியவர்களும் இருந்தார்கள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற பெரியம்மா ஆறுதலாக என் தோளில் கை வைத்திருந்தாள். அம்மா என் கையை விட்டாள். முன்னால் போனாள்.

“எனக்குப் படிக்கத் தெரியும், மாத்தயா” என்றாள். “காந்தா சொன்னா பொம்பளை. எனக்குத்தான் அவர் எழுதினது.”

ஐயா என்பதற்கு அவள் ஊரில் மாத்தயா என்பார்கள். பெரியம்மாவின் கை என் தோளைவிட்டு எழுந்தது. கான்ஸ்டபிள் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கொஞ்சம் மெதுவாகக் கேட்டார்.

“சரிம்மா. காந்தா யாருமில்லை. நீங்க யாரு?”

கேட்டுவிட்டு அவரே அம்மாவை ஜீப்பில் ஏறச் சொன்னார். அத்தனை பெரிய கூட்டத்தில் படிக்கத் தெரிந்தவள் என் அம்மா ஒருத்திதான் என்று எனக்கு ஒரே பெருமை. பக்கத்தில் நின்ற பையனிடம் அதைச் சொல்லத் திரும்பினேன். அவனை அவன் அம்மா அதற்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டிருந்தாள்.