எழும்பிவிட்டாள் என்று சொல்ல மறுத்தவர்

ஞானமுத்து அண்ணாச்சி காலமான செய்தி நம் சபையின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. 'நம் அன்புச் சகோதரர்' என்று போட்டிருந்தார்கள். அந்த அன்புச் சகோதரரை அதே குழுவிலிருந்து நீக்கியவர்களும் அவர்களே. எனக்குத் துக்கம் பாதி, ஆத்திரம் பாதி.

தென்காசியில் நம் சபையார் எல்லோருக்கும் அவரைத் தெரியும். குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற வழியில் துண்டும் எண்ணெயும் விற்றவர். அவர் மனைவி ராஜாத்தி என்னோடு ஒரே பள்ளியில் டீச்சராக இருந்தவள். அவள் பக்கவாதத்தில் விழுந்ததும் நாம் உபவாசம் இருந்தோம், எண்ணெய் பூசினோம், மாறி மாறி முழங்காலில் நின்றோம். அவள் எழுந்திருக்கவில்லை.

பிறகு வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் வந்து அவள் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு, கர்த்தர் செய்த நன்மையை எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில் பாஸ்டர் அண்ணாச்சியிடம் மைக்கைக் கொடுத்தார். "அக்கா எழும்பிட்டாங்கன்னு விசுவாசத்தோட சொல்லுங்க அண்ணாச்சி. வாயால அறிக்கை பண்ணுனா அப்படியே ஆகும்."

அண்ணாச்சி எழுந்து நின்றார். "எம் பொண்டாட்டி இன்னும் எழும்பல. காலையில நாந்தான் தூக்கி உக்கார வச்சுட்டு வாரேன். ஜெபம் பண்ணிக்கோங்க." அவ்வளவுதான் சொன்னார். சபையில் ஒரு அல்லேலூயாகூட எழவில்லை.

அந்த வாரமே ஊழியக்காரர் ஜெபித்தபோது எடுத்த ராஜாத்தியின் வீடியோ 'சுகம் பெற்ற சகோதரி' என்று குழுவில் வந்தது. அதன் கீழே அண்ணாச்சி 'பொய்' என்று ஒரே வார்த்தை எழுதினார். அதற்குத்தான் அவரை நீக்கினார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முன்பு ராஜாத்தி போய்விட்டாள். குத்துக்கல்வலசையில் இருந்த அவர்கள் வீட்டில் உடலைக் கிடத்தியிருக்கும்போதே சபை மூப்பரின் மனைவி என் பக்கத்தில் இருந்துகொண்டு, "அன்னைக்கு இவரு ஒரு வார்த்த விசுவாசமாச் சொல்லியிருந்தா இவ இன்னைக்கு இருந்திருப்பா" என்றாள். எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிதான் சொன்னாள். அண்ணாச்சி காதிலும் விழுந்தது. பாஸ்டர் அவசரமாக, "எல்லாம் தேவ சித்தம்" என்றார். அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். "எழும்பிருவான்னு நீங்க சொன்னது யாரு சித்தம் பாஸ்டர்?" காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இனி இந்த மனிதர் ஆலயத்துப் பக்கமே வரமாட்டார் என்று நினைத்தேன். வரக்கூடாது என்றும் நினைத்தேன். அடுத்த ஞாயிறே வந்துவிட்டார். வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்து, வழக்கம்போலச் சுருதி சேராமல் பாடினார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல. சீசன் இல்லாத ஒரு நாள் குற்றாலத்துக் கடைக்கே போய்க் கேட்டுவிட்டேன். "ராஜாத்தி சாவுக்கு நீங்கதான் காரணம்னு சொன்னவங்க கூட இருந்து எப்படி அண்ணாச்சி பாடுதீங்க?"

துண்டுகளை மடித்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு ஆண்டவரோடதான் சண்டை டீச்சர். அவரு பேசமாட்டேங்காரு. நானும் வீட்டுலயே இருந்துக்கிட்டா சண்டை எப்படித் தீரும்?"

நான் புறப்படும்போது இன்னொன்றும் சொன்னார். "அந்த ஒரு வார்த்தையச் சொல்லியிருக்கலாமோன்னு எனக்கும் தோணத்தான் செய்யுது. ஆனா பொய் சொன்னாத்தான் காப்பாத்துவேன்னு ஒரு ஆண்டவர் இருந்தா, அவருகிட்ட நான் என்னத்தக் கேக்க?"

அப்படிப்பட்டவரின் அடக்கத்தில் பாஸ்டர் என்ன பேசினார் தெரியுமா? "சகோதரருடைய ஜெபங்களையெல்லாம் கர்த்தர் கேட்டார்" என்று பேசினார். என் கையில் குழிக்குள் போடவேண்டிய மண் இருந்தது.

"கேக்கல பாஸ்டர்" என்றேன். "அண்ணாச்சி கேட்டதுல ஒண்ணுகூட கிடைக்கல. கிடைக்காட்டியும் அவரு கோயிலுக்கு வந்தாரு. அதையாவது அவருக்கு விட்டு வையுங்க."

மூப்பரின் மனைவி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். யாரோ பாட்டை எடுத்துக் கொடுத்தார்கள். மண்ணைப் போட்டுவிட்டு வந்தேன்.

அண்ணாச்சியின் விசுவாசம் எனக்கு வாய்க்காது. அவருடைய வாய் மட்டும் என்னிடம் ஒட்டிக்கொண்டது. இந்த ஞாயிறு நான் பாடவில்லை, ஸ்தோத்திரமும் சொல்லவில்லை. எல்லோரும் கண்ணை மூடி ஜெபித்தபோது, "ராஜாத்தியை ஏன் எழுப்பவில்லை?" என்று மட்டும் கேட்டேன். பதில் வரவில்லை. ஆராதனை முடிகிறவரை இருந்தேன்.