மூச்சைப் பிடித்துக் கொடுத்த அளவு

இடுப்பில் நாடாவைச் சுற்றியதுமே எப்பேர்ப்பட்ட ஆளும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார் என்பது தையல்கார அக்காவுக்கு அத்துப்படி. அந்த அளவை நம்பித் தைத்தால் பித்தான் தெறிக்கும். அதனால் கொஞ்சம் ஊர்க்கதை பேசிவிட்டு மறுபடி அளப்பாள்.

ஆனால் டாக்டர் அவள் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினால் போதும், நெஞ்சு படபடக்கும், அளவு எகிறும். வீட்டில் மகள் பார்த்தால் ஒழுங்காக இருக்கும். இந்த முறை பட்டை இறுகியபோதுதான் அக்காவுக்குப் பொறி தட்டியது.

"டாக்டர், இத எழுதிடாதீங்க. மூச்சப் பிடிச்சுக்கிட்டுக் குடுத்த அளவு இது. செத்த நேரம் சும்மா உக்காந்துக்கிறேன், அப்புறம் பாருங்க."

டாக்டர் சிரித்தபடி காத்திருந்தார். அடுத்த அளவு சரியாகவே வந்தது.

மறுவாரம் கால்சட்டை தைக்க வந்த டாக்டரின் இடுப்பில் அக்கா நாடாவைச் சுற்றினாள்.

"மூச்ச விடுங்க டாக்டர். நானும் இத எழுதல."