பேதுருவின் பின்னால் இருந்த இருட்டு

கண்புரை அறுவை முடிந்து போன வாரம் புதுச்சேரியிலிருந்து மகன் வீட்டுக்குப் பஸ்ஸில் போனேன். மரக்காணத்தில் டாக்டர் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைச் சும்மா கழற்றிப் பார்த்தேன். உப்பளத்து வெள்ளை முகத்தில் அறைந்தது. மாட்டிக்கொண்டேன்; ஆனால் மூக்கில் எங்கிருந்தோ டர்பன்டைன் வாடை. அங்கேயே இறங்கிவிட்டேன்.

பல வருஷத்துக்கு முன், ஓவியக் கல்லூரி முடித்து இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராகச் சேர்ந்த புதிது. உப்பளத்தை ஒட்டிய சின்னக் கோயிலில், ஐரோப்பாவின் பழைய பரோக் பாணியைப் பார்த்து யாரோ தீட்டிய பழைய படம் ஒன்று. இயேசுவை 'எனக்குத் தெரியாது' என்று சாதிக்கும் சீடர் பேதுரு. ஒரே பக்கத்து வெளிச்சம், அவர் நெற்றியிலும் கையிலும் மட்டும். மிச்சமெல்லாம் இருட்டு. உற்றுப் பார்த்தால் அதற்குள் 'இவரும் அவரோடு இருந்தவர்தான்' என்று அவரை நோக்கி விரல் நீட்டும் வேலைக்காரப் பெண்.

உப்பு வாருகிறவர்கள் நடுப்பகலில் வந்து அதன் முன் நிற்பார்கள். கும்பிடுவது அப்புறம்தான்.

"இந்த இருட்டப் பாத்தாதான் சார் கண்ணு ஆறுது," என்பார் அந்தோணி. உப்பளத்து வெள்ளையில் கண் கெட்டு, ஃபாதர் இரக்கப்பட்டுக் கோயில் வேலைக்கு வைத்துக்கொண்ட மனிதர்.

படத்தைச் சுத்தம் செய்கிறேன் என்றேன். "பிஷப் ஹவுஸ்ல கேக்குறேன், அதுவரைக்கும் கை வைக்காதீங்க," என்று சொல்லிவிட்டு ஃபாதர் வெளியூர் போனார். எனக்குப் பொறுக்கவில்லை. நிழலும் தீட்டிய வண்ணமே என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவன், கண்ணெதிரே இருந்த இருட்டை மெழுகுவத்திப் புகை என்று நினைத்தேன். அந்தோணி ஏணியைப் பிடித்துக்கொண்டார். டர்பன்டைனில் நனைத்த பஞ்சு பழுப்பாக வர வர, சந்தோஷமாகத் தேய்த்தேன். வேலைக்காரப் பெண் பஞ்சோடு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஓர் அம்மாள் சிரித்தாள். "இன்னா அந்தோணிண்ணே, பேதுருவுக்கு டியூப்லைட் போட்டுட்டியா?"

ஃபாதர் சிரிக்கவில்லை. "யாரு இதத் தொட்டது?"

"தெரியல ஃபாதர். அந்தோணி ஈரத்துணியால துடைச்சிருப்பார்," என்றேன்.

அந்தோணி என்னையே பார்த்தார். "சார் படிச்சவரு. சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கோயில் வேலை போய், மறுவாரம் அவர் மறுபடி உப்பளத்தில். உண்மையைச் சொல்லத்தான் வரப்புவரை போனேன். நெற்றியில் கை வைத்து, கண்ணை இடுக்கி, "யாருங்க அது?" என்றார். வந்த வழியே திரும்பி நடந்துவிட்டேன். அந்தக் குரல்தான் இத்தனை வருஷமாக என்னை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை.

இப்போது கோயிலை இடித்துப் பெரிதாகக் கட்டியிருக்கிறார்கள். பளபளக்கும் டைல்ஸ். பேதுரு ஃபிளெக்ஸில் சிரிக்கிறார். தரை துடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் விசாரித்தேன்.

"கண்ணு தெரியாத அந்தோணியா? அவரு தவறிப்போயி ரொம்ப நாளாச்சுங்களே. அவர உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றேன்.

முகத்தை மறைத்துக்கொள்ளக் கொஞ்சம் இருட்டான இடம் தேடினேன். நாலு மூலையிலும் விளக்கு.